கீஸ்லோவ்ஸ்கி படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்து இயக்குநரும் திரைக்கதையாசிரியருமான க்ஷிஷ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி 1941 ஜூன் 27 அன்று வார்சாவில் பிறந்தார். 1996 மார்ச் 13 அன்று இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அதே நகரில் இறந்தார். வயது 54. அவர் படங்களைப் புதிதாகப் பார்ப்பவர்களும் பாதி பார்த்துவிட்டுக் குழம்பி நிற்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

பெயரை எப்படிச் சொல்வது?

தமிழில் கீஸ்லோவ்ஸ்கி, கிஸ்லோவ்ஸ்கி, கீஸ்லாவ்ஸ்கி என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோம். போலந்துக்காரர் வாயால் கேட்டால் ‘கியெஷ்லோஃப்ஸ்கி’ என்பதற்குப் பக்கத்தில் வரும். இங்கே பழகிய பெயரே இருக்கட்டும். தேடும்போது முதல் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். அவரோடு எழுதிய பியெஷெவிச்சும் க்ஷிஷ்டோஃப்தான், சக இயக்குநர் சனூசியும் க்ஷிஷ்டோஃப்தான்.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

பெரும்பாலானவர்கள் நடிகை ஜூலியட் பினோஷுக்காக, ப்ளூ, ஒயிட், ரெட் என்ற மூவண்ணப் படங்களில் முதலாவதான ‘ப்ளூ’வில் தொடங்குகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அங்கே தொடங்கியவர்களில் பலர், ‘அழகாத்தான் இருக்கு, மெதுவாப் போகுது’ என்று அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பத்துக் கட்டளைகளை வைத்து அவர் தொலைக்காட்சிக்கு எடுத்த பத்துப் பகுதித் தொடரான ‘டெக்கலாக்’கின் முதல் பகுதியில் தொடங்குவதே நல்லது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்பா, மகன், ஒரு கணினி, உறைந்துபோன ஏரி. அவ்வளவுதான் கதைக்கான சாமான். அடுத்து நேராகப் பத்தாவது பகுதிக்குப் போங்கள். தபால்தலைச் சேகரிப்பை வாரிசாகப் பெற்ற இரண்டு சகோதரர்களின் கதை. கீஸ்லோவ்ஸ்கிக்குச் சிரிக்க வைக்கத் தெரியும் என்பது அதில்தான் பலருக்கு முதலில் புரிகிறது. பிறகு ஐந்து. அதன் பின் 1979-ல் வந்த ‘கேமரா பஃப்’. இந்த நான்கும் முடிந்த பிறகு மூவண்ணப் படங்களுக்கு வந்தால் ‘ப்ளூ’ மெதுவாகத் தெரியாது.

பத்துப் பகுதிகளையும் இரண்டு நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு போதும். டெக்கலாக் பழைய தொலைக்காட்சிச் சட்டகத்தில், அதாவது 4:3 அளவில் எடுக்கப்பட்டது. இன்றைய அகலத் திரை டிவி அதை இழுத்து நிரப்பினால் முகமெல்லாம் உப்பிப்போகும். அமைப்புக்குள் போய் இழுப்பதை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால்தான் சரி.

அவர் எப்படி சினிமாவுக்கு வந்தார்?

சுற்றி வளைத்துத்தான். அப்பாவுக்குக் காசநோய். சானடோரியம் சானடோரியமாகக் குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. பதின்வயதில் தீயணைப்பு வீரர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து மூன்றே மாதத்தில் வெளியேறினார். உறவினர் ஒருவர் தலைமையில் இருந்ததால் வார்சாவின் நாடகத் தொழில்நுட்பப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே நாடக இயக்குநராகும் ஆசை வந்தது. அதற்கு முதலில் ஏதாவதொரு பட்டம் வேண்டும். சினிமாவும் ஒரு பட்டம்தானே என்று வூச் நகரத் திரைப்படப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘லோட்ஸ்’ என்று நாம் படிப்பது இந்த ஊரைத்தான். இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். மூன்றாம் முறை, 1964-ல், சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் நாடக ஆசை போய்விட்டிருந்தது.

நாடக அரங்கில் உடை உடுத்திவிடும் வேலையும் பார்த்திருக்கிறார். 1975-ல் எடுத்த ‘பெர்சனெல்’ படத்தின் தையல் கூடம் அந்த அனுபவத்திலிருந்து வந்தது.

ஆவணப்படங்களை ஏன் விட்டார்?

அவரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் கேட்க வேண்டும். அரசியலை விட்டுவிட்டு ஆன்மிகத்துக்குப் போய்விட்டார் என்று எழுதிவிடுகிறார்கள். அது சோம்பேறித்தனமான பதில்.

1977-ல் ஓர் இரவுக் காவலாளியைப் படம்பிடித்தார். அந்த ஆளுக்கு விதிமுறை என்றால் உயிர். ஓய்வு நேரத்தில்கூட ஆற்றங்கரையில் மீன்பிடிப்பவர்களிடம் உரிமச்சீட்டைக் கேட்டுச் சோதிப்பார். படம் நன்றாக வந்தது. ஆனால் தொலைக்காட்சியில் போட கீஸ்லோவ்ஸ்கி சம்மதிக்கவில்லை. போட்டால் தெருவில் நாலு பேர் அந்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பார்கள். படம் காட்ட நினைத்தது அந்த மனப்போக்கை, அந்த ஆளை அல்ல. அதே காலத்தில் எடுத்த ‘ஐ டோண்ட் நோ’வில் முன்னாள் ஆலை இயக்குநர் ஒருவர் தனக்கு நடந்ததைச் சொல்கிறார். அவர் சொல்லும் பெயர்களின் மேல் தட்டச்சுப் பொறிச் சத்தத்தை ஏற்றி மறைத்தார்கள். அதுவும் பேசியவருக்கு ஆபத்தாகுமோ என்ற பயத்தில் ஒளிபரப்ப வேண்டாம் என்றார்.

கடைசி அடி 1980-ல் ‘ஸ்டேஷன்’ எடுக்கும்போது விழுந்தது. வார்சா மத்திய ரயில் நிலையத்தில், பெட்டி வைக்கும் அலமாரிகளோடு மல்லுக்கட்டும் பயணிகளை ஒளிந்திருந்து இரவில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்து முடித்துத் திரும்பியதும் போலீஸ் வந்து படச்சுருளைக் கைப்பற்றியது. ஒரு பெண் தன் தாயைக் கொன்று உடலைப் பெட்டிகளில் அடைத்து அங்கே ஓர் அலமாரியில் வைத்திருந்தாராம், அதே இரவில். சுருளில் அவர் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கேமரா ஓர் அடி இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பியிருந்தால், தனக்குத் தெரியாமலே கீஸ்லோவ்ஸ்கி போலீசுக்கு ஆள்காட்டி ஆகியிருப்பார். அதோடு முடிவெடுத்தார்.

நிஜக் கண்ணீரைப் படம்பிடிக்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்ற பயத்தை அவரே சொல்லியிருக்கிறார். கதைப்படத்தில் நடிகர் இருக்கிறார், கிளிசரின் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு பிந்தைய படங்களைப் பாருங்கள். டெக்கலாக் ஆறில் எதிர்வீட்டுப் பெண்ணைத் தொலைநோக்கியில் பார்க்கும் பையன். ‘ரெட்’டில் அக்கம்பக்கத்தாரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் ஓய்வுபெற்ற நீதிபதி. ‘கேமரா பஃப்’பில் குழந்தையைப் படம்பிடிக்க 8 மி.மீ. கேமரா வாங்கி, அதனாலேயே குடும்பத்தை இழக்கும் ஆலைத் தொழிலாளி. கடைசியில் கேமராவைத் தன் பக்கமே திருப்புகிறான். அடுத்தவர் வாழ்க்கையைப் பார்க்க நமக்கு என்ன உரிமை என்ற அதே ஆவணப்படக் கேள்விதான் இவை எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஆவணப்படங்களில் கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை?

இரண்டு. ‘ஹாஸ்பிடல்’ (1976), எலும்பு அறுவை மருத்துவர்களின் 32 மணி நேரத் தொடர் பணி. எலும்பில் அடிக்கும் சுத்தியல் கையோடு உடைந்து வரும் இடத்தில், அரசைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே எல்லாம் பேசப்பட்டுவிடுகிறது.

‘டாக்கிங் ஹெட்ஸ்’ (1980), கால் மணி நேரப் படம். 79 பேரிடம் ஒரே கேள்விகள்: எப்போது பிறந்தீர்கள், நீங்கள் யார், எதை அதிகமாக விரும்புகிறீர்கள்? குறும்படம் எடுப்பவர்கள் அடிக்கடி காப்பியடிக்கும் படமும் இதுதான், சொதப்பும் படமும் இதுதான். கேள்விகளை எடுத்துக்கொள்கிறார்கள், வரிசையை விட்டுவிடுகிறார்கள். படம் ஒரு வயதுக் குழந்தையில் தொடங்கி வயது ஏறிக்கொண்டே போய் 100 வயது மூதாட்டியிடம் முடிகிறது. என்ன வேண்டும் என்றால், இன்னும் கொஞ்ச நாள் வாழ வேண்டும் என்கிறார் அவர். அந்த ஏறுவரிசை இல்லாவிட்டால் அது வெறும் தெருமுனைப் பேட்டி.

‘பிளைண்ட் சான்ஸ்’ 1981-லா, 1987-லா?

இரண்டும் சரி. எடுத்தது 1981-ல். அந்த டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. படம் பெட்டிக்குள் போனது. வெட்டுகளோடு 1987-ல்தான் திரைக்கு வந்தது. ஒரே இளைஞன் ஒரே ரயிலைப் பிடிக்க ஓடுகிறான், மூன்று விதமாக. ஒன்றில் கட்சிக்காரனாகிறான், ஒன்றில் எதிர்ப்பாளனாகிறான், ஒன்றில் இரண்டும் வேண்டாமென்று இருந்துவிடுகிறான். கிடைத்தால் புதுப்பிக்கப்பட்ட பிரதியைப் பாருங்கள். தணிக்கையில் போனவற்றில் அநேகமாக எல்லாம் அதில் திரும்பி வந்துவிட்டன.

பியெஷெவிச் யார்? வழக்கறிஞர் எப்படித் திரைக்கதை எழுதினார்?

ராணுவச் சட்டக் காலத்தில் அரசியல் வழக்குகளைப் படம்பிடிக்கக் கீஸ்லோவ்ஸ்கி அனுமதி வாங்கினார். அப்போது அறிமுகமானவர்தான் வழக்கறிஞர் க்ஷிஷ்டோஃப் பியெஷெவிச். நீதிமன்றத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. கேமரா இருந்தால் நீதிபதிகள் சிறைத்தண்டனை கொடுக்கத் தயங்கினார்கள். அநியாயத் தீர்ப்பு சொல்லும்போது தன் முகம் பதிவாவதை யாரும் விரும்பவில்லை. விஷயம் பரவியதும் வழக்கறிஞர்கள் ‘எங்கள் வழக்குக்கும் வாருங்கள்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சமாளிக்க முடியாமல் இரண்டாவது கேமரா கொண்டுவந்தார். சில சமயம் அதற்குள் படச்சுருளே இருக்காது. சும்மா நின்றாலே போதும்! ஆவணப்படம் நடக்கவில்லை. அதற்குப் பதில் இருவரும் சேர்ந்து ‘நோ எண்ட்’ (1985) எழுதினார்கள். கட்சியும் திட்டியது, எதிரணியும் திட்டியது, திருச்சபையும் திட்டியது.

அதன் பிறகு கடைசிவரை கூட்டணி மாறவில்லை. ‘நோ எண்ட்’ ஒன்று, டெக்கலாக் பத்து, அதன் நீண்ட திரையரங்கு வடிவங்கள் இரண்டு, ‘தி டபுள் லைஃப் ஆஃப் வெரோனிக்’ ஒன்று, மூவண்ணம் மூன்று, ஆக 17. பியெஷெவிச் தாளில் எழுதுவதைவிடப் பேசுவதில் கெட்டிக்காரர். நீதிமன்றத்தில் பார்த்த மனிதர்களை, சிக்கல்களை, யோசனைகளைக் கொண்டுவருவார். எழுதி ஒழுங்குபடுத்துவது கீஸ்லோவ்ஸ்கியின் வேலை. முதலில் ஒரு பக்கம், பிறகு சிறுகதை போல விரிந்த வடிவம், கடைசியில்தான் வசனத்தோடு திரைக்கதை. மூவண்ணத் திரைக்கதைகளை இயக்குநர் ஆக்னியெஷ்கா ஹாலந்து, எட்வர்ட் ஜெப்ரோவ்ஸ்கி ஆகியோரிடமும் ஒளிப்பதிவாளர்களிடமும் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். ஒளிப்பதிவாளரை எழுத்துக் கட்டத்திலேயே உட்கார வைப்பது அவர் வழக்கம்.

டெக்கலாக் யோசனை எப்படி வந்தது? பணம் யார் கொடுத்தார்கள்?

குளிர், மழை, ஒரு கையுறை வேறு தொலைந்துபோயிருந்தது. அந்த மனநிலையில் வார்சா தெருவில் பியெஷெவிச்சைச் சந்தித்தார். ‘பத்துக் கட்டளைகளைப் பற்றி யாராவது படம் எடுக்க வேண்டும், நீங்கள் எடுங்களேன்’ என்றார் பியெஷெவிச். முதலில் திட்டம் வேறு. டோர் தயாரிப்புக் குழுவின் பத்துப் புது இயக்குநர்களுக்குப் பத்துத் திரைக்கதைகள். எழுத எழுத விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பத்தையும் தானே எடுத்தார்.

தொலைக்காட்சி கொடுத்த பணம் போதவில்லை. உடனே பண்பாட்டு அமைச்சகத்திடம் போய், ‘கொஞ்சம் பணம் கொடுங்கள், இரண்டு திரையரங்குப் படங்கள் தருகிறேன்’ என்றார். ஒன்று ஐந்தாவது பகுதி, அது தன் விருப்பம். இன்னொன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள். அமைச்சகம் ஆறைத் தேர்ந்தெடுத்தது. இப்படித்தான் ‘எ ஷார்ட் ஃபிலிம் அபௌட் கில்லிங்’, ‘எ ஷார்ட் ஃபிலிம் அபௌட் லவ்’ இரண்டும் 1988-ல் பிறந்தன. முன்னது கேன்ஸில் நடுவர் பரிசும், ஐரோப்பிய திரைப்பட விருதுகள் தொடங்கிய முதல் ஆண்டிலேயே சிறந்த படத்துக்கான விருதும் வாங்கியது.

அந்த இரண்டுக்கு நீண்ட வடிவம் பார்ப்பதா, டிவி வடிவமா?

ஐந்துக்கு நீண்டது. செத்த எலி, தூக்கில் தொங்கும் பூனை என்று அது தொடங்குகிறது. டிவி வடிவமோ சட்டத்தைப் பற்றிய வழக்கறிஞரின் பேச்சில் தொடங்குவதால் முதலிலேயே வாதமாகிவிடுகிறது. டாக்சி ஓட்டுநரைக் கொல்லும் காட்சி ஏறத்தாழ ஏழு நிமிடம். அரசு கொலைகாரனைத் தூக்கிலிடும் காட்சியும் அதே நிதானத்தோடு காட்டப்படுகிறது. சகிக்க முடியவில்லை என்றால், அதற்காகத்தான் அத்தனை நீளம்.

ஆறுக்கு இரண்டையும் பாருங்கள், டிவி வடிவத்தை முதலில். அதில் பையன் தபால் அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, இனி உங்களைப் பார்ப்பதில்லை என்று சொல்வதோடு முடிகிறது. சரியான கசப்பு. நீண்ட வடிவத்தில் அந்தப் பெண் அவனுடைய தொலைநோக்கி வழியாகத் தன்னையே பார்க்கிறாள். இந்த இரண்டாவது முடிவு நடிகை கிராஷினா ஷபோவோஃப்ஸ்கா கேட்டதால் பிறந்தது.

ஐந்தாவது பகுதி ஒரே பச்சையாகத் தெரிகிறதே, பிரதி கெட்டுவிட்டதா?

இல்லை. ஒளிப்பதிவாளர் ஸ்வாவோமிர் இட்ஜியாக் வேண்டுமென்றே போட்ட பச்சை வடிகட்டிகள். சட்டகத்தின் ஓரங்களை இருட்டாக்கும் வடிகட்டிகளையும் அவரே கைப்படச் செய்தார். இலைக்கு அழகான பச்சை, மனித முகத்துக்கும் நகரத்துக்கும் பிணத்தின் நிறம். டிவியில் நிறத்தைத் திருத்திப் பார்த்தால் படம் செத்துவிடும். பத்துப் பகுதிகளுக்கு ஒன்பது ஒளிப்பதிவாளர்கள்; மூன்றையும் ஒன்பதையும் மட்டும் பியோட்டர் சோபோச்சின்ஸ்கி ஒருவரே செய்தார். அதனால்தான் ஒன்றைப் போல ஒன்று இல்லை.

கட்டளை எண்கள் எனக்குப் பொருந்தவில்லையே?

நீங்கள் சி.எஸ்.ஐ. போன்ற சபைகளின் வரிசையைப் பழகியவராக இருப்பீர்கள். அதில் கொலை செய்யாதே என்பது ஆறாவது. போலந்து கத்தோலிக்க நாடு. நம்மூர்க் கத்தோலிக்கர்களும் லுத்தரன்களும் ஞானோபதேசத்தில் படிக்கும் வரிசையில் அது ஐந்தாவது. விக்கிரகங்களைப் பற்றிய கட்டளை முதல் கட்டளைக்குள் அடங்கிவிடும், கடைசிக் கட்டளை இரண்டாகப் பிரியும். அந்த வரிசையை வைத்துக்கொண்டு பாருங்கள். ஆனால் ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேண்டாம். படத்தில் வெறும் எண்தான் தலைப்பு. கட்டளை வாசகம் எங்கும் வராது.

டெக்கலாக்கில் அடிக்கடி வந்து போகும் அந்தப் பேசாத மனிதர் யார்?

நடிகர் அர்டூர் பார்ச்சிஷ். ஒன்றில் ஏரிக்கரையில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பார், மூன்றில் டிராம் ஓட்டுவார், நான்கில் படகைத் தூக்கிக்கொண்டு நடப்பார், ஒன்பதில் மிதிவண்டியில் போவார். பார்ப்பார், தலையிட மாட்டார். ஏழிலும் பத்திலும் தேடாதீர்கள், இல்லை.

அவரை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் வேறு இணைப்புகளைத் தவறவிடுவீர்கள். எல்லோரும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள். எட்டில் வகுப்பறையில் ஒரு மாணவி சொல்லும் சிக்கல் இரண்டாம் பகுதியின் கதை. அதே எட்டில் பேராசிரியரிடம் புதுத் தபால்தலைகளைப் பெருமையாகக் காட்டும் பக்கத்து வீட்டுக்காரரின் சாவில்தான் பத்து தொடங்குகிறது.

படங்களில் பெயர் வரும் இசையமைப்பாளர் வான் டென் புடன்மேயரின் இசைத்தட்டு எங்கே கிடைக்கும்?

அப்படி ஒரு டச்சு இசையமைப்பாளர் பிறக்கவே இல்லை. இசையமைப்பாளர் ஸ்பிக்னியெவ் ப்ரைஸ்னரும் கீஸ்லோவ்ஸ்கியும் சேர்ந்து கட்டிய ஆள். எல்லாம் ப்ரைஸ்னரின் இசைதான்.

‘வெரோனிக்’ முடிவு என் நண்பர் பார்த்ததில் வேறு மாதிரி இருந்ததாமே?

இருக்கலாம். அமெரிக்க வெளியீட்டுக்காக, வெரோனிக் அப்பாவிடம் ஓடிப் போய் அணைத்துக்கொள்ளும் சில ஷாட்டுகளைச் சேர்த்தார். ஐரோப்பிய வடிவம் அவள் மரத்தைத் தொடுவதோடு நின்றுவிடும். இதில் அவருக்கு வருத்தமில்லை. பாரிஸில் 17 அரங்குகளில் வெளியானால் 17 வடிவங்கள் போட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். நேரம் கிடைக்கவில்லை.

மூவண்ணத்தை வரிசையாகத்தான் பார்க்க வேண்டுமா?

ஆமாம். ப்ளூ, ஒயிட், ரெட். ரெட்டின் கடைசிக் காட்சி முன்னிரண்டைப் பார்த்தவர்களுக்குத்தான் பலன் தரும். மூன்றிலும் கூன் விழுந்த வயதானவர் ஒருவர் பாட்டிலைத் தொட்டித் துளைக்குள் போட எட்டாமல் திணறுவார். ப்ளூவின் ஜூலி கவனிக்கவே மாட்டாள், ஒயிட்டின் கரோல் பார்த்துச் சிரிப்பான், ரெட்டின் வலெந்தீன் போய்த் தள்ளிவிடுவாள்.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சுக் கொடியை வைத்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கு ஒரு தகவல்: பணம் பிரெஞ்சுப் பணம், அதனால்தான் அந்த நிறங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ப்ளூவில் திடீரென்று திரை கறுப்பாகி இசை ஒலிக்கிறது. பிழையா?

பிழை இல்லை. நான்கு முறை வரும். சாதாரணமாகத் திரை இருண்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே இருட்டு விலகும்போது அதே இடம், அதே நொடி. காலம் ஜூலிக்கு மட்டும் நின்றிருக்கிறது.

சர்க்கரைக் கட்டிக் காட்சியில் அப்படி என்ன இருக்கிறது?

காபிக் கடையில் உட்கார்ந்து ஜூலி ஒரு சர்க்கரைக் கட்டியின் ஓரத்தைக் காபியில் தொட்டுப் பிடிக்கிறாள். பழுப்பு மேலேறுகிறது; கட்டி முழுக்க நனைந்ததும் விட்டுவிடுகிறாள். தன்னை நேசிக்கும் மனிதன் எதிரே இருந்தும், அவள் உலகம் அந்தக் கட்டியோடு முடிந்துவிட்டது என்பதைச் சொல்லும் குளோசப். சாதாரணக் கட்டி நனைய எட்டு வினாடி ஆனது. அத்தனை நேரம் பார்வையாளர் பொறுக்க மாட்டார், ஐந்து வினாடிதான் தாங்கும் என்பது கீஸ்லோவ்ஸ்கியின் கணக்கு. உதவியாளர் அரை நாள் பல வகைக் கட்டிகளைக் காபியில் நனைத்து நேரம் பார்த்து, ஐந்து வினாடியில் நனைவதைக் கண்டுபிடித்தார். படத்தொகுப்பில் மூன்று வினாடி வெட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். வெட்டினால் பழுப்பு ஏறுவது தாவும், காட்சியே போய்விடும்.

விருதுகள் கிடைத்தனவா?

ப்ளூவுக்கு 1993-ல் வெனிஸ் தங்கச் சிங்கம், ராபர்ட் ஆல்ட்மனின் ‘ஷார்ட் கட்ஸ்’ படத்தோடு பகிர்ந்து. ஒயிட்டுக்கு 1994-ல் பெர்லினில் சிறந்த இயக்குநர் விருது. ரெட்டுக்குக் கேன்ஸில் ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு உச்சப் பரிசு ‘பல்ப் ஃபிக்ஷன்’ படத்துக்குப் போனது. ஆஸ்கரில் சுவிட்சர்லாந்து சார்பில் அனுப்பினார்கள். போதுமான அளவு சுவிஸ் படம் இல்லை என்று வெளிநாட்டுப் படப் பிரிவில் ஏற்க மறுத்தார்கள். ஆனால் இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு மூன்றுக்கும் பரிந்துரை கிடைத்தது.

ஓய்வு பெற்ற பிறகு எழுதினாரா?

1994-ல் இனி இயக்குவதில்லை என்று அறிவித்தார். எழுதுவதை விடவில்லை. பியெஷெவிச்சோடு சொர்க்கம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் என்று இன்னொரு மூன்றுபட வரிசையைத் தொடங்கியிருந்தார். சொர்க்கத்தை டாம் டிக்வர் 2002-ல் ‘ஹெவன்’ என்று எடுத்தார். நரகத்தை டானிஸ் டானோவிச் 2005-ல் எடுத்தார். இரண்டும் பார்க்கலாம், ஆனால் கீஸ்லோவ்ஸ்கி படம் என்று நினைத்து உட்காராதீர்கள். அதைவிட அவர் சாயல் தெரிவது, அவருடைய பழைய திரைக்கதை ஒன்றை வைத்து, ‘கேமரா பஃப்’ நாயகன் யெர்ஷி ஸ்டூர் 2000-ல் இயக்கி நடித்த ‘தி பிக் அனிமல்’ படத்தில்தான். ஒரு சிற்றூர்த் தம்பதி வீட்டு வாசலில் சர்க்கஸ்காரர்கள் விட்டுப்போன ஒட்டகம் வந்து நிற்கிறது. ஊரே சேர்ந்து அதை வேடிக்கை பார்க்க ஆரம்பிக்கிறது.